மணியின் மூக்கும் அப்பாவின் பட்டறையும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று யூனியன் செக்ரட்டரி கேட்டபோது நான் கேன்டீனில் டீ குடித்துக் கொண்டிருந்தேன்.

"கவிதை எழுதட்டுமா?"

"ஐயா சாமி... கவிதை மட்டும் வேண்டாம். ஏற்கெனவே நாற்பத்தி மூணு வந்து கிடக்கு. அதுல முப்பத்தெட்டு நிலா!" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"அப்போ வெங்காயத்தைப் பத்தி எழுதறேன்."

"வெங்காயம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது சம்மதமா, திட்டா என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. சம்மதம் என்றே எடுத்துக் கொண்டேன்.

நண்பர்களே, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் எனக்கு வேறு பெயர் கிடையாது. 'வெங்காயம்' என்றால் நான்தான். முதல் வருஷம் முதல் நாள், பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து வகுப்பில் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சுக்காரன் மூக்கை உறிஞ்சி, "எவன்டா சாம்பார் கொண்டு வந்தது?" என்றான். சாம்பார் இல்லை, என் பைதான். வீட்டில் வெங்காயக் கட்டுகளுக்கு நடுவில் கிடந்த பை. எனக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடப்பவனுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஊர் பாடாலூர். திருச்சியிலிருந்து சென்னை போகிற பெரிய ரோட்டில், பெரம்பலூர் வருவதற்கு முன்னால் வரும். கல் குவாரித் தூசியும் லாரிச் சத்தமும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பாடாலூர். கிழக்கே ஊட்டத்தூர், காரைப் பக்கம் போனால் நத்தை போல் சுருண்ட கல்லெல்லாம் மண்ணில் கிடைக்கும். சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்ததாம். இப்போது கடலும் இல்லை, வருஷத்தில் பாதி நாள் கிணற்றில் தண்ணீரும் இல்லை. இருக்கிற தண்ணீருக்கு மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். பெரம்பலூர் ஜில்லா சின்ன வெங்காயத்தை நீங்கள் யாரும் சாப்பிடாமல் இருந்திருக்க முடியாது. ஹாஸ்டல் சாம்பாரில் தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கும்.

வெங்காயத்தைப் பிடுங்கினதும் எல்லாவற்றையும் விற்றுவிட மாட்டார்கள். அடுத்த பட்டத்துக்கு விதைக்காயும், விலை ஏறும்போது விற்கக் கொஞ்சமும் பட்டறையில் ஏற்றி வைப்பார்கள். பட்டறை என்றால் நம் வொர்க் ஷாப் இல்லை. கல் அடுக்கி, மேலே கட்டைகளைப் பரப்பி, அடியில் காற்று போய்வரும்படி விட்டு, தாளோடு கட்டிய வெங்காயக் கட்டுகளை வரிசையாக அடுக்கி, மேலே கீற்றுப் போட்டு மூடுவார்கள். மூன்று நாலு மாசம் தாங்கும். ஆனால் ஒரு காய் அழுகினால் பக்கத்துக் காய்க்குத் தொற்றும். அதைப் பிடிக்க எங்கள் வீட்டில் ஒரே ஒரு கருவி இருந்தது. அப்பாவின் மூக்கு.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காலையில் பல்லில் வேப்பங்குச்சியோடு பட்டறையைச் சுற்றி வருவார். ஓர் இடத்தில் நிற்பார். "இங்க பிரி" என்பார். பிரித்தால், மூன்றாவது அடுக்கில் ஒரு கட்டில் இரண்டு காய் மட்டும் கொழகொழவென்று இருக்கும். பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட, "அண்ணே, கொஞ்சம் வந்து மூந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டுப் போவார்கள். ஒரு டீதான் கூலி.

2021 மே மாசம் கொரோனா இரண்டாவது அலையில் அப்பா படுத்தார். திருச்சியில் ஆஸ்பத்திரியில் 12 நாள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் அம்மா, அப்பாயி, நான், மணி.

மணியைச் சொல்லவில்லையே. செம்மண் நிறத்தில் சாதாரண ஊர்நாய். ஜாதி நாய் என்று யாராவது சொன்னால் அதற்கே சிரிப்பு வரும். அப்பா போன மறுநாள் காலையில், திண்ணைக் கொடியில் தொங்கிய அப்பாவின் துண்டை அது இழுத்துப் போட்டு அதன்மேல் சுருண்டு கிடந்தது. இரண்டு நாள் சோறு தின்னவில்லை. "சனியன், துண்ட நாறடிக்குது" என்று அம்மா பிடுங்கி, சோப்புப் போட்டு அலசிக் காய வைத்தார்கள். காய்ந்த துண்டை மணி ஒருமுறை முகர்ந்து பார்த்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய், வாசலில் கிடந்த அப்பாவின் பழைய செருப்பில் தலையை வைத்துக் கொண்டது. துண்டு அதே துண்டுதான். ஆனால் அதற்கு வேண்டியது அதில் இல்லை.

அப்பா பிழைத்து வந்தார். வந்த அன்று சாயங்காலம் அம்மா ரசம் வைத்துக் கொடுத்தார்கள். "என்னா, சுடுதண்ணியா?" என்றார். மூக்கு போய்விட்டது. அப்போது அது நிறையப் பேருக்கு வந்ததுதான். பத்து நாளில், ஒரு மாசத்தில் பலருக்குத் திரும்பி விட்டது. அப்பாவுக்குத் திரும்பவில்லை.

பட்டறையில் மாசியில் ஏற்றிய வெங்காயம் இருந்தது. அந்த வருஷம் கோடை மழை வேறு. அப்பா பழக்க தோஷத்தில் காலையில் வேப்பங்குச்சியோடு சுற்றுவார். எங்கேயும் நிற்க மாட்டார். மணிதான் தெற்கு மூலையில் போய் நின்று மண்ணைப் பறிக்கும், முனகும். "எலி இருக்கும் போல" என்று கல்லெடுத்து விரட்டுவார். ஆடியில் விதைக்காக பட்டறையைப் பிரித்தபோது, முப்பது மூட்டையில் பதினேழு போச்சு. தெற்கு மூலையிலிருந்து ஆரம்பித்து நடு வரைக்கும் தண்ணீராகி இருந்தது. நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக் கொண்டு நின்றோம். அப்பா மட்டும் பொத்தாமல் நின்றார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. நான் பத்தாவது முடித்ததும் ப்ளஸ் டூ வேண்டாம், சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று டிப்ளமோவுக்கு வந்தேன். வருத்தமாகச் சொல்லவில்லை, வந்த கதையைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப். வென்சுரிமீட்டரில் பாதரச மானோமீட்டர் ரீடிங் எடுத்துக் கொண்டிருந்தோம் (ரெக்கார்டில் பார்த்து எழுதிக் கொண்டிருந்தோம் என்பதே உண்மை). சார் எங்கள் டேபிளுக்கு வந்து, "இந்த மானோமீட்டரை முதல்ல எதுக்குப் பயன்படுத்தினாங்க தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. ஹேகன் - பாய்சுய் ஃபார்முலா என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பாய்சுய் இன்ஜினியர் இல்லையாம், பிரான்சு தேசத்து டாக்டராம்! 1828இல் மிருகங்களின் இரத்த அழுத்தத்தை அளக்கத்தான் பாதரச மானோமீட்டரைக் கொண்டு வந்தாராம். குழாயில் ஓட்டம் என்று அவர் கண்ணாடிக் குழாய்களில் மாய்ந்து மாய்ந்து அளந்ததெல்லாம் இரத்தக் குழாயை மனசில் வைத்துத்தான். நமக்கு வந்து சேர்ந்தது தண்ணீர்க் குழாய்.

"குழாய் இருந்தா ஓட்டத்தை அளக்கலாம். சரி, அளக்கவே முடியாத குழாய்னு ஏதாவது இருக்கா?" என்று சார் கேட்டார்.

என் வாயில் வந்தது, "மூளைக்குள்ள இருக்கற குழாய் சார்."

வகுப்பு சிரித்தது. "உனக்கு அந்தக் குழாயே இல்லையேடா வெங்காயம்" என்று ஒருவன் சொன்னான். சார் சிரிக்கவில்லை. "அதை அளந்திருக்காங்களான்னு பார்த்துட்டு வந்து செமினார் எடு" என்று சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்! ஆனால் அந்தச் செமினாருக்காகத் தேடப் போய்த்தான், மணியின் தலைக்குள் என்ன நடந்தது என்கிற என் பழைய கேள்விக்கு ஆட்கள் மிஷின் வைத்துப் பதில் தேடிக் கொண்டிருப்பது தெரிந்தது.

நம் மூளை உடம்பு எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு எடுக்கும் ஆக்சிஜனில் நூற்றுக்கு 20 பங்கு அதற்கே போகிறது. நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் இரத்தம். இதில் விசேஷம் என்னவென்றால், எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு அந்த நேரத்தில் கூடுதல் இரத்தம் போகும். இத்தாலியில் ஏஞ்சலோ மோசோ என்பவர் 1880களில் ஒரு பெரிய தராசு செய்து, ஆளை அதில் மல்லாக்கப் படுக்க வைத்து, யோசிக்கும்போது தலைப்பக்கம் சாய்கிறதா என்று பார்த்தார். 1890இல் இங்கிலாந்தில் ராய், ஷெரிங்டன் இருவரும் மிருகங்களில் சோதனை செய்து, மூளை தன் வேலைக்குத் தகுந்தாற்போல் தன் இரத்த ஓட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்துக் கொள்கிறது என்று எழுதினார்கள். கிணற்றில் மோட்டார் ஒன்றுதான். ஆனால் எந்த வயல் காய்கிறதோ அந்த வாய்க்கால் மடை தானாகவே திறந்து கொள்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மடை எவ்வளவு திறந்தால் போதும்? இங்கேதான் பாய்சுய் வருகிறார். ஓட்டம், குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். இரத்தக் குழாய் தன் ஆரத்தைப் பத்து சதவீதம் விரித்தால் போதும், 1.1இன் நான்காம் அடுக்கு 1.46. ஓட்டம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! செமஸ்டருக்குப் படித்தபோது இதே ஃபார்முலா எவ்வளவு எரிச்சலாக இருந்தது.

சரி, வாசனைக்கு வருவோம். இந்த இரத்த ஓட்ட ஆராய்ச்சிக்கு மூக்கைப் போல வசதியான இடம் வேறு இல்லை. மூக்கின் மேல்கூரையில் இருக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றும் ஒரே வகை வாசனை ஏற்பியைத்தான் வைத்துக் கொண்டிருக்கும். எலிக்கு இப்படிச் சுமார் 1,000 வகை. இந்த ஏற்பிகளின் ஜீன் குடும்பத்தை 1991இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் கிடைத்தது. ஒரே வகை ஏற்பி உள்ள செல்களின் நரம்பு இழைகள் எல்லாம், மூளையின் முன்பக்கம் இருக்கும் முகர்வுக் குமிழ் என்கிற பகுதியில் ஒரு சின்ன உருண்டைக்குள் போய்ச் சேர்கின்றன. உருண்டையின் பெயர் குளோமெருலஸ். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. ஆக, ஒரு வாசனை வந்தால் சில குறிப்பிட்ட உருண்டைகள் மட்டும் வேலை செய்யும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் தந்துகிகள், அதாவது மெல்லிய இரத்தக் குழாய்கள், பின்னிக் கிடக்கும். எந்த வாசனைக்கு எந்த உருண்டைக்கு இரத்தம் ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். எலிக்கு இந்தக் குமிழ் மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் மேலிருந்தே மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும்.

பார்ப்பது சரி, அளப்பது எப்படி? தந்துகியின் விட்டம் 5 மைக்ரான் சுற்றுவட்டாரம். அதற்குள் வென்சுரிமீட்டர் வைக்க முடியாது! பாரிசில் ஷார்பாக் என்பவரின் குழு 2003இல் செய்து காட்டியதைப் படித்தபோது நான் லைப்ரரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, இரத்தத்தில் ஒளிரும் சாயம் ஒன்றை ஏற்றுகிறார்கள். சாயம் பிளாஸ்மாவில் கலக்கும், சிவப்பு அணுவுக்குள் போகாது. அதனால் மைக்ராஸ்கோப்பில் இரத்தக் குழாய் பளிச்சென்றும், அதில் ஓடும் சிவப்பு அணுக்கள் கறுப்பு நிழலாகவும் தெரியும். குழாய் அவ்வளவு குறுகல் என்பதால் அணுக்கள் ஒற்றையடிப் பாதையில் ஆடு போவது போல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும்.

இப்போது லேசரை அந்தக் குழாயின் நீளவாட்டில் ஒரே கோட்டின் மேல் மறுபடி மறுபடி ஓட்டுகிறார்கள், வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. ஒவ்வொரு தடவை கிடைத்த கோட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், நகரும் அணுவின் நிழல் சாய்வான கறுப்புக் கோடாக விழும். ஒரு அச்சில் தூரம், இன்னொரு அச்சில் நேரம். சாய்வு என்ன? வேகம்! ஒன்பதாம் வகுப்பில் போட்ட தூரம் - நேரம் கிராஃப், நண்பர்களே! வினாடிக்கு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்கிற கணக்கில் ஓடும் அணுவை அதை வைத்து அளக்கிறார்கள். எத்தனை கறுப்புக் கோடு என்று எண்ணினால் வினாடிக்கு எத்தனை அணு போகிறது என்பதும் வந்துவிடும். இரவில் எங்கள் ஊர் ஹைவே ஓரம் நின்று லாரி எண்ணுவதற்கும் இதற்கும் கணக்கில் வித்தியாசமே கிடையாது.

அந்த மைக்ராஸ்கோப்பும் சாதாரணமானதில்லை. 1990இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகியோர் கொண்டு வந்த இரண்டு ஃபோட்டான் மைக்ராஸ்கோப். அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்துவதால் திசுவுக்குள் ஆழமாகப் போகும். குவியம் விழும் இடத்தில் மட்டும் சாயத்தை ஒளிரச் செய்யும். வாசனை கொடுப்பதற்கு ஒரு கருவி, ஆல்ஃபாக்டோமீட்டர். அதைப் பிரித்துப் பார்த்தால் நமக்கு உடனே புரிந்துவிடும். சுத்தக் காற்று ஒரு குழாயில், வாசனைத் திரவ பாட்டில் வழியாக வரும் காற்று இன்னொரு குழாயில், நடுவில் சோலனாய்டு வால்வு. வால்வு மாறும்போது காற்றின் அளவு கூடவோ குறையவோ கூடாது, வாசனை மட்டும் மாற வேண்டும். இல்லாவிட்டால் எலி வாசனைக்குப் பதில் சொல்கிறதா, காற்று வேகத்துக்குப் பதில் சொல்கிறதா என்று தெரியாது. சாதாரண ரப்பர் டியூப் போட்டால் வாசனை டியூபிலேயே ஒட்டிக் கொள்ளும். டெஃப்லான் டியூப் போட வேண்டும். பெரிய பெரிய விஞ்ஞானமெல்லாம் கடைசியில் ஒரு நல்ல பிளம்பரை நம்பித்தான் இருக்கிறது!

இந்த வேலையில் எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது 2008இல் வந்த ஓர் ஆராய்ச்சி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெங்கடேஷ் மூர்த்தி என்பவரின் ஆய்வகத்தில் பெட்சோல்டு முதலியோர் செய்தது. மூர்த்தி எங்கே படித்தவர் தெரியுமா? ஐ.ஐ.டி. மெட்ராஸ். சரி, எந்தப் பிரிவு? மெக்கானிக்கல்! செமினாரில் இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் விசில் பறந்தது. பக்கத்து வகுப்பு எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐ.ஐ.டி.க்கும் நமக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வென்சுரிமீட்டர் படித்த ஒருவர் சுண்டெலியின் மூளைக்குள் ஓட்டம் அளக்கப் போனார் என்பது, பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு மாதிரி தெம்பாக இருந்தது.

அவர்கள் கேட்ட கேள்வி இதுதான். வாசனை வந்ததும் அந்த உருண்டைக்கு இரத்தத்தை வரச் சொல்வது யார்? மூக்கிலிருந்து வரும் நரம்பு நுனி குளூட்டமேட் என்கிற இரசாயனத்தை விடுகிறது. அடுத்த நரம்புச் செல் அதை வாங்கி வேலை செய்கிறது. வேலை செய்யும் அந்தச் செல்தானே 'எனக்கு ஆக்சிஜன் வேண்டும்' என்று கேட்க வேண்டும்? அவர்கள் அந்த உருண்டையில் அடுத்த செல்களை வேலை செய்யவிடாமல் மருந்து வைத்து நிறுத்திப் பார்த்தார்கள். இரத்தம் அப்போதும் வந்தது! பக்கத்தில் ஆஸ்ட்ரோசைட் என்று நட்சத்திர வடிவச் செல் ஒன்று இருக்கிறது. நரம்புச் செல்லே இல்லை; ரொம்ப காலம் வெறும் முட்டுக்கட்டை என்று நினைக்கப்பட்ட ஆள். அதன் ஒரு கை நரம்பு முனையில், ஒரு பாதம் இரத்தக் குழாயின் மேல். குளூட்டமேட் வந்ததை அது கேட்டு, குழாயை விரியச் சொல்கிறது. அதன் வழிகளில் ஒன்றைத் தடுத்தால் இரத்தம் கூடுவது குறைகிறது. (அந்த வழியில் உள்ள நொதி, ஆஸ்பிரின் மாத்திரை தடுக்கிறதே, அதே குடும்பம்.)

நம் கேன்டீனில் "நாலு டீ" என்று கத்தினதும், மாஸ்டர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே பையன் பால் சட்டியை அடுப்பில் தூக்கி வைத்துவிடுகிறான் இல்லையா? அந்தப் பையன்தான் ஆஸ்ட்ரோசைட். மாஸ்டர் அன்றைக்கு லீவாக இருந்தாலும் பால் கொதிக்கும்.

அதனால்தான் பேப்பரில் 'மூளையில் எண்ணத்தைப் படம் பிடித்தார்கள்' என்று போடும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. படம் பிடித்தது கொதிக்கும் பாலை. டீ போட்டாரா, யார் குடித்தார் என்பது வேறு கதை.

எலி ஆராய்ச்சியைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். பட்டறை எலிகளுக்கு மருந்து வைக்கிற மனிதர், "மண்டைய தொறந்தா பாக்குறாங்க? பாவம்டா" என்றார். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், அதற்கென்று சட்ட திட்டமெல்லாம் இருக்கிறது என்றேன். "இருந்தாலும்..." என்றார். எனக்கும் அந்த 'இருந்தாலும்' இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. நம் பக்கம் பெங்களூரில் என்.சி.பி.எஸ். நிறுவனத்தில் ராஜன், கிளெமென்ட், பல்லா மூவரும் 2006இல் வெளியிட்டது எனக்கு அதைவிடப் பிடித்தது. விழித்திருக்கும் எலி, ஓரிரு முறை உறிஞ்சுவதற்குள், வாசனை இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லிவிடுகிறது. இரண்டு காது எதற்கோ அதே போல் இரண்டு நாசி! மணி தெற்கு மூலையைக் கண்டுபிடித்ததும் இப்படித்தானோ என்னவோ.

மணிக்கு மிக அருகில் வந்தவர் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ். மண்டையைத் திறக்காமல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்ப்பவர். ஆக்சிஜனோடு இருக்கும் ஹீமோகுளோபினும், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தத்துக்கு வேறு வேறு மாதிரி நடந்து கொள்ளும். அதை வைத்தே மூளையில் எங்கே புது இரத்தம் வந்தது என்று படம் எடுக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா எலிகளில் காட்டினார். பெர்ன்ஸ் 2012இல் இதை நாய்களுக்குச் செய்தார். கட்டிப் போடவில்லை, மயக்க மருந்து இல்லை. தாடையைத் தாங்கிக் கொண்டு அசையாமல் படுக்கப் பல மாசம் பழக்கினார். ஸ்கேன் சத்தத்துக்குக் காதில் மூடி. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். அவருடைய முதல் நாயின் பெயர் கேலி. சத்தியமாக, கேலி இல்லை!

அடுத்து 12 நாய்களை வைத்து வாசனைச் சோதனை. ஐந்து வாசனை: தன் வாசனை, தெரிந்த நாய், தெரியாத நாய், தெரிந்த மனிதர், தெரியாத மனிதர். முகர்வுக் குமிழ் ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி பதில் கொடுத்தது. ஆனால் காடேட் என்கிற உள்பகுதி, நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது வேலை செய்யும் பகுதி, அது தெரிந்த மனிதரின் வாசனைக்குத்தான் மற்றவற்றைவிட அதிகமாக எழும்பியது. அந்த மனிதர் அப்போது நாயின் பக்கத்தில் இல்லை. வாசனை மட்டும்தான் இருந்தது.

செமினாரில் இந்த இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கண்ணுக்குள் துண்டும் செருப்பும். "அப்போ அதுக்குப் பேரு பாசமா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. நான், "தெரியலடா. இரத்தம் போச்சு. அவ்வளவுதான் மிஷின் சொல்லுது" என்றேன். சார் பின்னால் உட்கார்ந்து ஏதோ குறித்துக் கொண்டார். இருபதுக்குப் பதினெட்டு மார்க். இரண்டு மார்க் எங்கே போச்சு என்று இன்னும் விசாரித்துக் கொண்டிருக்கிறேன்.

செமினாரால் வீட்டுக்கு ஒரு லாபம். கொரோனா பெரும்பாலும் வாசனை நரம்புச் செல்லை நேராகத் தாக்குவதில்லை, அதைச் சுற்றித் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத்தான் தாக்குகிறது என்று 2020லேயே சொல்லியிருக்கிறார்கள். மூக்கின் நரம்புச் செல்கள் ஆயுள் முழுக்கப் புதிதாக முளைப்பவை. முளைப்பதற்குப் பயிற்சி கொடுக்கலாமாம். ஜெர்மனியில் ஹுமல் என்பவர் 2009இல் எழுதிய முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நாலையும் காலையும் மாலையும் முகர வேண்டும், 12 வாரம். நான் நாலு மாத்திரை டப்பாவில் தயார் செய்தேன். ரோஜாவுக்குப் பன்னீர், யூகலிப்டஸுக்கு நீலகிரித் தைலம்.

"மூணு வருசம் ஆச்சு, இனிமே என்னாடா" என்றார் அப்பா. அப்பாயி, "புள்ள சொல்லுதுல்ல, மோந்து பாரேன்" என்று அதட்டியதும் ஆரம்பித்தார். கிராம்புக்கு "ஏதோ சுருக்குன்னு இருக்கு" என்றார். தைலத்துக்கு "குளுகுளுன்னு". எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு படித்துப் பார்த்தால், சுருக்கும் குளிர்ச்சியும் வாசனை நரம்பின் வேலை இல்லை, முகத்துக்குப் போகும் வேறு நரம்பின் வேலை. வெங்காயம் உரிக்கும்போது கண்ணீர் வருவதும் அதே நரம்பால்தான். மூக்கு போன பிறகும் அப்பா வெங்காயம் உரித்தால் கண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. எதனால் அழுகிறோம் என்று மட்டும் தெரியாது. 12 வாரம் தாண்டி இப்போதும் செய்கிறார். பன்னீர் டப்பாவை மட்டும் சில நாள் கொஞ்ச நேரம் கூடுதலாக மூக்கில் வைத்திருப்பார். கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இந்த வருஷமும் மாசியில் பட்டறை ஏற்றினோம். காலை ஆறரைக்கு, பஸ்ஸுக்கு முன்னால், நானும் ஒரு சுற்று முகர்ந்து பார்க்கிறேன். எனக்கு அப்பா மூக்கு இல்லை. எல்லாமே வெங்காயமாகத்தான் அடிக்கிறது. அதனால் மணியை முன்னால் விடுகிறோம். அது நின்ற இடத்தில் அப்பா கையை உள்ளே விட்டு, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். கல்லெடுத்து விரட்டுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மணி வடக்கு மூலையில் நின்று முனகியது. அப்பா கைவிட்டுப் பார்த்து, "பிரி" என்றார். பிரித்தோம். இரண்டாவது அடுக்கில் நாலு கட்டு அழுகத் தொடங்கியிருந்தது. எடுத்து வெளியே வீசினோம்.

அந்த நாலு கட்டுக்குப் பின்னால் ஒரு எலி வளையும் இருந்தது.